பாக்கெட் நிறைய கொட்டை... கொட்டைக்குள்ளே பாடம்!

உங்கள் வீட்டு ஒன்றாம் வகுப்பு வாண்டு ஸ்கூலிலிருந்து வருகிறது. இரண்டு பாக்கெட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே கையை விட்டால்... மண், காய்ந்த இலை, ஏழெட்டு கொட்டை! என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

2023 அக்டோபரில் என் தங்கை மகள் வீட்டில் இரண்டு மாசம் தங்கப் போயிருந்தேன். டோக்கியோவின் கிழக்குப் பக்கம், நிஷி-காஸாய் என்கிற பேட்டை. 2000-ஆவது வருட கம்ப்யூட்டர் பிரச்னையைச் சமாளிக்கப் போன நம் ஊர் இன்ஜினீயர்கள் அப்போது அங்கே குடியேற ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இந்தியக் குடும்பங்கள் நிறைய. துவரம்பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் அங்கே பஞ்சமில்லை!

அவளுடைய பெண்ணுக்கு ஆறு வயசு. அந்த வருஷம் ஏப்ரலில்தான் அரசாங்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். (ஜப்பானில் பள்ளி ஆண்டு தொடங்குவது ஏப்ரலில்.) ஒரு நாள் மத்தியானம் ஸ்கூலிலிருந்து வந்தவள், ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டைகள். டொங்குரி என்று பெயராம். ஓக் மரத்துக் கொட்டை. தலையில் ஒரு குட்டித் தொப்பி வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் காபி போட எழுந்தேன். பைக்குள் ஏதோ நெளிகிறது. வெள்ளை வெளேரென்று, அரிசியைவிடப் பெரிசாக, ஐந்தாறு புழுக்கள்!

நான் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை படுக்கையிலிருந்து குதித்து ஓடி வந்தார். பையை அப்படியே சுருட்டி, இன்னொரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு, குப்பையில் எறிந்துவிட்டேன். அன்றைக்குக் குப்பை எடுக்கிற நாள். எட்டு மணிக்கெல்லாம் வண்டி வந்து போய்விட்டது.

எழுந்து வந்த குழந்தை ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள்... அப்படி ஓர் அழுகை!

"பெரியம்மா, அது அவளோட ஸ்கூல் பாடம். அடுத்த வாரம் கிளாஸுக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றாள் என் தங்கை மகள்.

கொட்டை பாடமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அவள் குரலில் இருந்த கவலை கொட்டையைப் பற்றியது இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஆறு மாச மௌனம்

வீட்டில் வாய் ஓயாத குழந்தை. பள்ளிக்கூடத்தில் ஏப்ரலிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு வார்த்தைகூட. டீச்சர் கேட்டால் தலையாட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுப்பாள், வைப்பாள், சுத்தம் செய்வாள். எல்லாம் ஊமைப் படம்தான்.

பயந்துபோன பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்! இவர்களுக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் குழந்தையிடம் பேச ஆரம்பித்தார்கள். விளைவு, அவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இந்தத் தப்பை நம்மில் பல பேர் செய்கிறோம், இல்லீங்களா? ஊர் மாறினால், மீடியம் மாறினால், "வீட்டிலயும் அந்த பாஷையே பேசுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தாய்மொழி திடமாக இருக்கிற குழந்தைக்குத்தான் இரண்டாவது மொழி நன்றாக ஒட்டும். அந்த வகுப்பு டீச்சரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்: "வீட்டில் உங்கள் மொழியிலேயே நிறைய பேசுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

புது மொழிக்குள் போய் விழுகிற குழந்தை சில மாசம் வாயைத் திறக்காமல், காதை மட்டும் திறந்து வைத்திருப்பது சகஜம். ஆனால் பாஷை நன்றாகத் தெரிந்தும், வீட்டில் பேசியும், பள்ளியில் மட்டும் ஒரு மாசத்துக்கு மேல் பேசாத குழந்தை வேறு. (பள்ளி சேர்ந்த முதல் மாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) அது பிடிவாதமோ திமிரோ இல்லை, ஒருவகைப் பதற்றம். அதற்குக் குழந்தை மனநல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சி நிபுணரையோ பார்ப்பது அவசியம். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நாலு பேர் முன்னால் அதட்டினால் பதற்றம் ஏறும், வார்த்தை வராது.

சரி, கொட்டைக்கு வருவோம்.

எழுத்து பின்னால், பொருள் முன்னால்

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் அறிவியல், சமூகவியல் என்று தனிப் பாடம் கிடையாது. 1989-ல் பாடத்திட்டத்தை மாற்றி அறிவித்து, 1992-லிருந்து நாடு முழுக்க அந்த இரண்டையும் இந்த வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில்தான் அவை வரும். அந்த இடத்தில் வைத்திருக்கிற பாடத்தின் பெயர் 'செய்கட்ஸு'. வாழ்க்கை என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்புக்கு வருஷத்தில் 102 பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிஷம். வாரத்துக்கு மூன்று முறை வருகிறது.

"படிப்பை விட்டுட்டு விளையாட்டா?" என்று நான் கேட்ட மாதிரியே நீங்களும் கேட்பீர்கள். மொழிப் பாடத்துக்கு 306 பீரியட், கணக்குக்கு 136 பீரியட் அதே ஒன்றாம் வகுப்பில் இருக்கிறது. அதில் கை வைக்கவில்லை. சீன எழுத்துகளில் 80 எழுத்தை அந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகள் படித்தாக வேண்டும். மரம், காடு, பூ, புல், மூங்கில், பூச்சி எல்லாவற்றுக்குமான எழுத்து அந்த எண்பதுக்குள் வந்துவிடும்.

ஆனால் வேடிக்கை பாருங்கள்... 'இலையுதிர்காலம்' என்கிற எழுத்து மட்டும் அதில் இல்லை! வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் நாலும் இரண்டாம் வகுப்பில்தான் வருகின்றன. அதாவது, இலையுதிர்காலத்தின் எழுத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், இலையுதிர்காலத்தையே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது குழந்தை. 'அகி' என்று எளிய எழுத்தில், இரண்டே எழுத்தாக எழுதிப் பழகுகிறது. முழுசாக அதைக் குறிக்கிற எழுத்து அடுத்த வருஷம் வரும்போது, அதற்குள் என்ன இருக்கிறது என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். வாசனையோடு தெரியும்.

இந்த மாதிரி நேரங்களில் வகுப்பு முழுதும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கும். அதே மரத்தை ஏப்ரலிலும் பார்த்திருப்பார்கள். அப்போது எடுத்த படம் பள்ளி கொடுத்திருக்கும் டேப்லெட்டில் இருக்கும். இப்போது அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது? நிறமா, சத்தமா, காலுக்குக் கீழே தரையா? பெரிய இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து கிரேயானால் தேய்த்தால் நரம்பெல்லாம் மேலே வரும். பிளாஸ்டிக் பையில் இலைகளை ஒட்டிச் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வார்கள். சருகைக் குவித்து அதில் விழுவார்கள். எல்லாம் ஆனபிறகு, ஒரு கார்டில் படம் வரைந்து இரண்டு வரி எழுத வேண்டும். அதற்குக் கண்டுபிடிப்புக் கார்டு என்று பெயர்.

என்ன கண்டுபிடித்தாய் என்றுதான் கேட்கிறார்கள். என்ன படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலை ஆறரை மணி

தூக்கிப் போட்டது நான். பொறுக்கித் தர வேண்டியதும் நான்தானே? மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு அவளோடு பூங்காவுக்குப் போனேன். அறுபத்திரண்டு வயசில் குனிந்து குனிந்து கொட்டை பொறுக்குவது லேசில்லை. முழங்கால் இரண்டு நாள் பேசியது!

என் குருவுக்கு ஆறு வயசு. எல்லாம் தமிழில் சொல்லித் தந்தாள். "பாட்டி, இது நீளம். இது குண்டு, தொப்பி சுருட்டை முடி மாதிரி இருக்கு பாருங்க, இதான் பெஸ்ட். ஓட்டை இருந்தா வேணாம். புழு வெளியில போயிடுச்சுன்னு அர்த்தம்."

புழு எப்படி உள்ளே போகும்? நீள மூக்கு வைத்த ஒரு வண்டு இருக்கிறது. கொட்டை பச்சையாக மரத்தில் இருக்கும்போதே அந்த மூக்கால் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். புழு உள்ளேயே பருப்பைத் தின்று வளர்ந்து, கொட்டை கீழே விழுந்ததும் ஓட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு மண்ணுக்குள் போகும். நான் எறிந்த பையில் மண் இல்லை. பாவம், அவை ஜன்னலோரத்தில் வழி தேடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பாடம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கொட்டையெல்லாம் போட்டாள். மிதப்பது உள்ளே தின்னப்பட்டது, மூழ்குவது நல்லது. நாம் கத்தரி விதையையும் நெல்லையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதில்லையா, அதே சங்கதி. நல்லதை மட்டும் பொறுக்கி, ஒரு பழைய பாத்திரத்தில் சில நிமிஷம் கொதிக்கவிட்டு, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கொதிக்கவைக்க மனசில்லாவிட்டால் ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைக்கலாம். இரண்டிலும் புழு செத்துவிடும். துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் பாத்திரம் கறுக்கும், அதனால்தான் பழைய பாத்திரம்.

உலர்ந்ததைப் பத்துப் பத்தாகக் குவித்தாள். நாலு பத்து, அப்புறம் ஏழு. அந்த மாசம் கணக்கில் அவர்களுக்கு ஒன்பதும் நாலும் கூட்டுகிற பாடம். நாலை ஒன்று, மூன்று என்று பிரித்து, ஒன்றை ஒன்பதுக்குக் கொடுத்துப் பத்தாக்க வேண்டும். நோட்டில் எண்ணுக்குக் கீழே ஒரு காம்பில் இரண்டு செர்ரிப் பழம் மாதிரி வட்டம் போட்டுப் பிரித்து எழுதுகிறார்கள். நோட்டில் திணறிக்கொண்டிருந்தவள், கொட்டையில் ஒரு குவியலிலிருந்து இன்னொன்றுக்கு விரலால் தள்ளிவிட்டு, "பதிமூணு" என்றாள். புளியங்கொட்டையும் பல்லாங்குழியுமாக வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் நாமே அதையெல்லாம் பரண்மேல் போட்டுவிட்டோமே!

மத்து மாதிரி ஒரு கருவி

நவம்பரில் ஒரு நாள் பெற்றோர் வகுப்பைப் பார்க்கிற தினம். நானும் ஒட்டிக்கொண்டேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டுபோன வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, வகுப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். பேசக்கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம்!

அன்றைய பாடம், டொங்குரிப் பம்பரம். கொட்டையின் கூர்முனை கீழே இருக்க, தட்டையான பக்கத்தில் துளை போட்டு, பல் குத்தும் குச்சியைச் செருக வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளை இருக்கிறதே... மரப்பிடிக்குள் நீள ஆணி வைத்த மாதிரி ஒரு கருவி. சின்ன மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவோமே, அப்படி உருட்ட வேண்டும். கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்க விடுவதில்லை. அதைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னப் பிடிப்பான் இருக்கிறது. விரல் தப்பிக்கும்.

துளை நடுவில் விழவில்லை என்றால் பம்பரம் தள்ளாடும். குச்சி நீளமாக இருந்தால் சீக்கிரம் சாயும். குட்டையாக வெட்டினால், கனம் கீழே இறங்கி நின்று சுற்றும். ஒல்லிக் கொட்டையைவிட குண்டுக் கொட்டை நன்றாகச் சுற்றும். இதில் ஒன்றைக்கூட டீச்சர் வாயால் சொல்லவில்லை! ஒரு பையனின் பம்பரம் நின்று சுற்றியபோது மட்டும், "அட, அது ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறது?" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அடுத்த நிமிஷம் அவன் மேஜையைச் சுற்றி ஏழு தலை.

நம் பெண்ணின் முதல் பம்பரம் சுற்றவில்லை. இரண்டாவதும் சுற்றவில்லை. என் கை பரபரத்தது, ஓடிப் போய்ச் செய்து கொடுத்துவிடலாமா என்று. என் தங்கை மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது கொட்டையில் குச்சியை மூன்று விரலால் பிடித்துச் சுண்டினாள். சுற்றியது. அவள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

இந்த மூன்று விரல் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். குச்சியைச் சுண்டுவதும் இந்த மூன்றுதான். பென்சில் பிடிப்பதும் இந்த மூன்றுதான். ஆறு வயசில் கையில் உள்ள சின்னச் சின்னத் தசைகள் இன்னும் முழுசாகத் தேறியிருக்காது. "கோழி கிறுக்கின மாதிரி எழுதறான்" என்று நாம் தலையில் குட்டுகிறோமே, அதில் பாதி அக்கறையின்மை இல்லை. விரலில் தெம்பு போதவில்லை. மேலும் இரண்டு பக்கம் காப்பி எழுதச் சொன்னால் கை வலிதான் மிச்சம். கிள்ளுவது, திருகுவது, முடிச்சுப் போடுவது, உருட்டுவது, இதெல்லாம்தான் அந்த விரல்களுக்கு நிஜமான உடற்பயிற்சி.

கண்ணுக்கும் ஒரு விஷயம். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது பார்வை குறைவு என்று அந்நாட்டு அரசின் 2022 பள்ளி சுகாதாரக் கணக்கு சொல்கிறது. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே ஓர் ஆராய்ச்சி நடந்தது. 12 பள்ளிகள். ஆறு பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கமான பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவிகிதம், வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவிகிதம். 2015-ல் இந்த முடிவு வெளியானது. மருந்தில்லை, சொட்டு இல்லை... வெளிச்சம்தான்! வகுப்பறை விளக்கு சில நூறு லக்ஸ் வெளிச்சம் தரும். வெளியே மர நிழலிலேயே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கொட்டை பொறுக்கப் போன பிள்ளை ஒரு மணி நேரம் அந்த வெளிச்சத்தில் இருந்துவிட்டு வருகிறது.

எல்லாக் கொட்டையும் நல்ல கொட்டையில்லை

அதற்காக, கண்டதையும் தொடவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். போவதற்கு முன் டீச்சர் சொல்லி அனுப்புகிற எச்சரிக்கைகளை என் தங்கை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

கிங்கோ மரம் டோக்கியோ முழுக்க இருக்கிறது. இலை பொன்மஞ்சளாகக் கொட்டும், கண்கொள்ளாத அழகு. ஆனால் கீழே விழுகிற அதன் பழம் நாறும் என்பதோடு, வெறும் கையால் தொட்டால் தோல் தடித்து அரிக்கும். உள்ளே இருக்கிற பருப்பை வறுத்துச் சாப்பிடுவது அங்கே பெரியவர்களுக்குப் பிரியம். குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். அதிகம் தின்றால் வலிப்பு வரை கொண்டுவிடும் நஞ்சு அதில் இருக்கிறது.

அடுத்தது, பெரிய குளவி. இலையுதிர்காலத்தில்தான் அவற்றின் கூடு பெருத்து, ஆத்திரமும் அதிகமாக இருக்கும். கறுப்பைக் கண்டால் பாயும் என்பதால் வெளிர்நிறச் சட்டையும் தொப்பியும் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். குளவியைக் கண்டால் கையை வீசக்கூடாது. மெதுவாகப் பின்னால் நகர வேண்டும்.

டொங்குரியிலேயே சில ஜாதியை வறுத்துத் தின்னலாம், பலவற்றில் துவர்ப்பு நாக்கைப் பிடுங்கும். பிள்ளைகளுக்குச் சட்டம் ஒன்றுதான்: பொறுக்கிய எதையும் வாயில் வைக்காதே. வீட்டில் தவழ்கிற தம்பி தங்கை இருந்தால் பம்பரத்தை உயரத்தில் வைக்க வேண்டும். தொண்டையில் போய் அடைக்க அது ரொம்பச் சரியான சைஸ்.

புழுவால் வந்த புகழ்

கண்டுபிடிப்புக் கார்டு என்று சொன்னேனல்லவா? நம் பெண் எதை வரைந்திருந்தாள் தெரியுமா? கொட்டையை இல்லை. புழுவை! பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு, கொண்டை போட்ட ஒரு பொம்பளை. அது நான்தான். கீழே 'புழு வந்தது. பாட்டி கியா!' என்று எழுதியிருந்தாள். (நாம் 'ஐயோ' என்கிறோமே, அவர்களுக்கு 'கியா'.)

டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்திருக்கிறது. "நிஜமாவா?" என்று நாலைந்து பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டிருக்கிறார்கள். இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். விரலை வளைத்து நெளித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கும் பேசவில்லை. ஆனால் மத்தியானம் வீட்டுக்கு அவள் தனியாக நடந்து வரவில்லை. கூட இரண்டு மஞ்சள் தொப்பி. வாசலில் நின்று என்னை எட்டிப் பார்த்தார்கள், 'கியா' பாட்டி எப்படி இருப்பாள் என்று!

நவம்பர் கடைசியில் டொங்குரித் திருவிழா. பக்கத்து மழலையர் பள்ளிப் பிள்ளைகளை, அதாவது ஐந்து வயசுக்காரர்களை, ஒன்றாம் வகுப்பு விருந்தாளிகளாகக் கூப்பிடும். ஒவ்வொரு மேஜையும் ஒரு கடை. டம்ளருக்குள் கொட்டை போட்டு ஆட்டுகிற கிலுகிலுப்பைக் கடை, இரண்டு பக்கமும் குச்சியில் கொட்டையைத் தொங்கவிட்டு விரல்நுனியில் நிறுத்துகிற பொம்மைக் கடை, பம்பரக் கடை. ஏப்ரலிலிருந்து பள்ளியிலேயே சின்னவர்களாக இருந்தவர்கள், அன்றைக்கு ஒரு நாள் அண்ணன், அக்கா. சின்னவர்களுக்குப் புரிகிற மாதிரி விதிமுறையைச் சுருக்கிச் சொல்ல வேண்டும், தோற்றாலும் அழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காக ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார்கள்.

நாங்கள் போகவில்லை, அனுமதி இல்லை. அன்று சாயங்காலம், பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வருகிற தகவல் நோட்டில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். பம்பரக் கடையில் ஒரு சின்னப் பையன் குச்சியைக் கீழே வைத்துத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டே இருந்தானாம். இவள் இரண்டு தடவை சைகையில் காட்டிப் பார்த்தாளாம். அவனுக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை பம்பரத்தைப் பிடுங்கித் திருப்பி வைத்து, "கொச்சி" என்றாளாம். 'இந்தப் பக்கம்' என்று அர்த்தம்.

என் தங்கை மகள் அந்த வரியை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உடனே குழந்தையைப் பிடித்து, "பேசினியாமே, எங்கே இப்போ சொல்லு" என்று ஆரம்பிக்கப்போன மாப்பிள்ளையை நான் கண்ணாலேயே அடக்கினேன். அப்படிக் கேட்டால் அடுத்த வார்த்தை வர இன்னும் ஆறு மாசம் ஆகலாம். மறுநாள் அவள் மறுபடி பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறம் ஒரு நாள் "மோ இக்காய்" என்றாளாம். 'இன்னொரு தடவை.' நான் கிளம்புகிறபோது, அந்த இரண்டு மஞ்சள் தொப்பிகளோடு மட்டும் நாலைந்து வார்த்தை. டீச்சரிடம் இன்னும் தலையாட்டல்தான். அவசரம் என்ன?

உறைக்குள் விதை

நான் ஊருக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது, அவள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் கொட்டினாள். கறுப்பு விதைகள். மே மாசம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் மார்னிங் குளோரி விதையும் கொடுத்து வளர்க்கச் சொல்வது அங்கே ஒன்றாம் வகுப்பின் வழக்கம். 'காலை முகம்' என்று அந்தப் பூவுக்குப் பெயர். கோடை விடுமுறையில் தொட்டி வீட்டுக்கு வரும், செப்டம்பரில் திரும்பிப் போகும். காய்ந்த கொடியை வளையமாகச் சுற்றி, பைன் காயும் டொங்குரியும் ஒட்டி, வாசலில் மாட்டுகிற தோரணமாக ஏற்கெனவே செய்துவிட்டாள். மிச்சம் விதை. (இதையும் வாயில் வைக்கக்கூடாது. பேதிக்கு மருந்தாகவே ஒரு காலத்தில் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த விதை. தெரியாமல் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு.)

இந்த விதை வரப்போகிற ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு சேரும் பிள்ளைக்கு. யார் என்று தெரியாது. உறை செய்து, படம் வரைந்து, உள்ளே பத்து விதை போட்டு, தன் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எண்ணிப் போட்டாள். ஒட்டுவதற்கு முன் நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தது.

"டீச்சர் பத்துதானே சொன்னாங்க?"

"ஒண்ணு முளைக்கலேன்னா, பாட்டி?" என்று கேட்டுவிட்டு, உறையின் ஓரத்தில் பசையைத் தடவினாள்.